மீன்பாடி வண்டியும் நல்ல தமிழும்

நான் எண்ணூருக்குப் போனதற்குக் காரணம் அம்மை. எனக்கில்லை, எங்கள் நிருபருக்கு. விமானம் ஏற இரண்டு நாள் இருக்கும்போது மனிதர் முகமெல்லாம் கொப்புளத்தோடு படுத்துவிட்டார். செய்தி ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். "நீயே போயிட்டு வா. கேள்வியும் நீயே கேளு, படமும் நீயே பிடி. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க. பேட்டி கொடுக்கிறவங்க நல்ல தமிழ்ல பேசணும்" என்றார்.

அப்போது நான் கோலாலம்பூரில் ஒரு தொலைக்காட்சியின் தமிழ்ச் செய்திப் பிரிவில் கேமராமேன். பிறந்து வளர்ந்தது கிள்ளானில், துறைமுகத்துக்குப் பக்கம். கடலோரத் துறைமுக ஊர்களைப் பற்றி வாரம் ஒரு ஐந்து நிமிடத் துண்டு செய்தியோடு போய்க்கொண்டிருந்தது. வடசென்னை என் தலையில் விழுந்தது. இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் கருவாட்டு வாசனை எங்காவது வந்தால் அந்த நாலு நாளும் வரிசையாக வந்து நிற்கின்றன.

என் குணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செய்தி கேமராமேன் என்றால் தூரத்திலிருந்து ஒன்று, பக்கத்தில் ஒன்று, முகத்தில் ஒன்று, முடிந்தது கதை என்று போகிறவர்கள் உண்டு. நான் அப்படி இல்லை. டீ கிளாஸ் வழியாக ஊரைக் காட்டுவேன். தரையில் கேமராவை வைத்து, நடக்கிற கால்களுக்கு நடுவில் ஒரு முகத்தைக் கொண்டுவருவேன். அதற்கு ஆபீசில் எனக்குக் கிடைத்த பெயர் 'கல்யாண வீடியோ'. வாயே திறக்காமல் கறுவிக்கொண்டிருந்தேன். எண்ணூரில் ஒரு ஷாட் எடுத்துக்கொண்டுவந்து இவர்கள் வாயை அடைக்க வேண்டும் என்பதுதான் பெட்டியில் துணி அடுக்கும்போது எனக்கு இருந்த ஒரே எண்ணம்.

முதல் நாள் விடியும்போதே ராயபுரம் மீன்பிடித் துறைமுகம். விசைப்படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்றன. கூடைகள், ஐஸ், டீசல், ஏலக்காரர்களின் தொண்டை. எங்கள் கேமராவுக்கு வேலை தொடங்குமுன் எது வெள்ளை என்று காட்டிக்கொடுக்க வேண்டும். காட்டாவிட்டால் முகங்கள் மஞ்சளாகும், மீன் நீலமாகும். அதற்காக வைத்திருந்த வெள்ளைத் தாளை ஓட்டலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். ஏலம் போடுகிறவரின் வேட்டியைக் கேட்கலாம் என்று பார்த்தால் அது வெள்ளையாக இருந்து பல வருடம் ஆகியிருந்தது.

கடைசியில் ஒரு மீன்கார அம்மாள் கூடையை மூடியிருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் சாக்கைக் கேட்டேன். "மீன் வாங்கறவன பாத்துகீறேன், சாக்கு பாக்கறவன இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்று பக்கத்துக் கடைக்காரியிடம் சொல்லிவிட்டு, சாக்கை உதறி எடுத்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். நான் கேமராவைச் சாக்குக்கு நேராகக் காட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து ஒரு சின்னக் கூட்டமே கூடிவிட்டது.

அங்கே பசியாறினேன். பசியாறுதல் என்றால் எங்கள் ஊரில் காலைச் சாப்பாடு. தள்ளுவண்டிக்காரரிடம் "பசியாற என்ன இருக்கு?" என்று கேட்டதற்கு அவர் ஏதோ மூன்று நாள் பட்டினி கிடந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்து, நான் கேட்டதற்கு மேல் இரண்டு இட்லி வைத்து வடைகறியை வழிய வழிய ஊற்றினார். எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாய் சாப்பிட்டு வளர்ந்த நாக்கு அந்த வடைகறியோடு உடனே உறவு கொண்டாடிவிட்டது. டீதான் ஒத்துவரவில்லை. எங்கள் ஊர் டீயான தே தாரேக் பெரிய கண்ணாடிக் குவளையில் அரை மணி நேரம் வரும். இது மூன்று வாய்.

வாடகைக்கு எடுத்த அம்பாசடர் கார் திருவொற்றியூர் தாண்டியதும் நின்றுவிட்டது. முன்னால் கன்டெய்னர் லாரி, பின்னால் கன்டெய்னர் லாரி. கிள்ளானிலும் கன்டெய்னர் லாரிகள் உண்டு, ஆனால் அவை ஓடும். இங்கே டிரைவர்கள் லாரிக்குக் கீழே துணி விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கார் டிரைவர் மெக்கானிக்கைக் கூட்டிவருவதாகப் போனவர்தான், நான் வெயிலில் வெந்தது மிச்சம்.

அப்போதுதான் பாஸ்கர் வந்தார். அவர் வருவதற்கு முன் சத்தம் வந்தது. மீன்பாடி வண்டி என்று அதற்குப் பெயர். முன்னால் பலகை போட்ட மூன்று சக்கரச் சைக்கிள், அதில் எப்போதோ செத்துப்போன ஸ்கூட்டரின் என்ஜின். சந்து கிடைத்த இடத்திலெல்லாம் நுழைந்து வந்தது. ஓட்டியவருக்கு நாற்பது வயது இருக்கும். வியாசர்பாடிக்காரர். கைப்பிடிக்கு நடுவில் ஒரு சின்ன புத்தர் படம் கட்டியிருந்தார்.

"இன்னா சார், வண்டி மக்கர் பண்ணுதா?"

"ஆமாங்க. எண்ணூர் போகணும்."

"இத்த வுட்டுட்டு குந்து. பொட்டிய நடுவுல வை."

பலகையில் ஏறி உட்கார்ந்தேன். வண்டி லாரிகளுக்கு இடையில் வளைந்து வளைந்து போனது. குண்டும் குழியுமான சாலையில் எலும்பெல்லாம் இடம் மாறிக்கொண்டிருந்தாலும், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், மறைக்க எதுவும் இல்லாமல், ஊர் என் முன்னால் வழுக்கிக்கொண்டு வந்தது. படப்பிடிப்பில் தண்டவாளம் போட்டு கேமராவைத் தள்ளிக்கொண்டு போவார்களே, அதுதான் இது. எனக்கு மனசு துள்ளியது. மிச்ச நாளைக்கும் பாஸ்கரையே பேசி முடித்தேன்.

இரண்டாம் நாள் காத்திவாக்கம். மணலில் கட்டுமரங்கள் கவிழ்ந்து கிடந்தன. முகத்துவாரத்துக்கு இந்தப் பக்கம் கிழிந்த வலையைக் கொத்திச் சரிசெய்துகொண்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். உப்பங்கழியில் வேறு சிலர் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, பல்லில் ஓலையில் முடைந்த பறிக்கூடையைக் கடித்துக்கொண்டு, கையால் தடவியே இறால் பிடித்தார்கள். தூரத்தில் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். தண்ணீரில் ஒரு கை, அதற்குப் பின்னால் அந்த உயரமான புகைபோக்கி, இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவர முழங்கால் சேற்றில் அரை மணி நேரம் நின்றேன். செருப்பு ஒன்று இன்னும் அங்கேதான் இருக்கும்.

பிடித்த இறாலை வாங்கித் தரம் பிரித்து விற்கிறவர் தேசம்மா. கணவர் கடலுக்குப் போகிறவர். நாற்பதைத் தாண்டிய வயது, சின்ன உருவம், அந்தக் கரை முழுக்கக் கேட்கும் குரல். நான் மலேசியாவிலிருந்து வந்திருக்கிறேன் என்று பாஸ்கர் சொன்னதும் இறால் கூடையைக் கீழே வைத்துவிட்டார்.

"மலேசியாவா? அப்ப எங்க சேகர பாத்துகீறியா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. மலேசியாவை ஒரு தெரு என்று நினைத்துவிட்டார். சிரித்தபடியே அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் சிரிக்கவில்லை.

சேகர் அவருடைய தம்பி. அக்காதான் வளர்த்திருக்கிறார். பையனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை, படகில் ஏறினால் வாந்தி. அக்காவின் கணவர் கடலுக்குக் கூப்பிட்டும் வராமல் ஊர் சுற்றுகிறான் என்று ஒருநாள் பேச்சு முற்றி, "இனிமே எங்க வூட்டு படிய மெறிக்காத" என்று தேசம்மா சொல்லிவிட்டார். அவன் மிதிக்கவில்லை. ஏஜென்ட் மூலமாக மலேசியா போய்விட்டான்.

"டீக்கட போனுக்கு ரெண்டு தபா பண்ணான். நான் போவல. வீம்பு. மூணாந்தபா பண்ணான், ஓடுனேன். போயி எடுக்கறதுக்குள்ள கட்டாயிருச்சு. அப்பால போனே இல்ல. ரெண்டு வருசம் ஆவுது."

எந்த ஊர், என்ன வேலை, ஒன்றும் அவருக்குத் தெரியாது. சாப்பாட்டுக் கடை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கூடையைத் தூக்கப்போனவர் நிமிர்ந்து, "நீ புடிக்கறது அங்க டிவில வரும்தானே?" என்று கேட்டார்.

"வரும்க்கா."

"அப்ப நானு நாளைக்கு பேசறேன். இறாலு பத்தி கேளு, சொல்றேன். கடசில அவனுக்கு ரெண்டு வார்த்த சொல்லிக்கறேன். சேத்துருவியா?"

"சேர்த்துடுறேன்க்கா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆசிரியர் சொன்னது ஞாபகம் வந்து தொலைத்தது. "கொஞ்சம் நல்ல தமிழ்ல பேசுங்கக்கா. எங்க ஆளுங்களுக்குப் புரியணும்."

தேசம்மா தலையாட்டினார். திரும்பி வரும்போது பாஸ்கர் வண்டியை ஓட்டியபடி சொன்னார், "மாமு, நீ பேசறது மட்டும் இன்னா தமிழு? காலைல வந்தவுடனே பசியாறிட்டீங்களான்ற. நான் மெர்சலாய்ட்டேன்." சாரிலிருந்து ஒரே நாளில் மாமுவுக்கு இறங்கியிருந்தேன், அல்லது ஏறியிருந்தேன். வழியில் அத்தோ வாங்கிக் கொடுத்து என் வாயை அடைத்தார். பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ். கையால் பிசைந்து, பொரித்த வெங்காயம் தூவி, வாழைத்தண்டு சூப்போடு கொடுத்தார்கள். கப்பலில் வந்த சாப்பாடு எல்லாத் துறைமுகத்திலும் சொந்த ஊர்க்காரன் ஆகிவிடுகிறது. எங்கள் கிள்ளானிலும் அப்படித்தான்.

மூன்றாம் நாள்தான் என் நாள். காலை வெயில் சாய்ந்திருக்கும்போதே பாஸ்கரின் வண்டிப் பலகையில் மணல் மூட்டை ஒன்றை வைத்து, அதில் கேமராவைப் பதித்தேன். உப்புத் தண்ணீர் தெறிக்காமல் லென்ஸை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் பிளாஸ்டிக் பையால் சுற்றினேன். கழியோரச் சாலையில் வண்டி போகப் போக, வலைகள், கட்டுமரங்கள், குளிக்கிற எருமைகள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், எல்லாம் ஒரே ஓட்டத்தில் நகர்ந்து, கடைசியில் கரையில் கூடையோடு நிற்கிற தேசம்மாவிடம் போய் நிற்க வேண்டும். வெட்டே இல்லாத ஒரு நிமிட ஷாட். நான் பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டேன்.

பாஸ்கர் என்ஜினை அணைத்துவிட்டுத் தள்ளினார். பாதி வழியில் ஒரு பெரிய பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியது. நான் மூட்டையோடு சேர்த்து கேமராவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். ஷாட் தேசம்மாவிடம் போய்ச் சேர்ந்தது. "சோக்கா கீதா மாமு?" என்று மூச்சிரைக்கக் கேட்டார் பாஸ்கர். சோக்காகத்தான் இருந்தது.

பொத்தானை அமுக்கி நிறுத்திவிட்டு, கேமராவைக் கைப்பிடியில் தொங்கவிட்டுக்கொண்டு தேசம்மாவோடு அவர் வீட்டுக்கு நடந்தேன். வாசலில் ஸ்டாண்டைப் போட்டேன். வெயில் ஒரு பக்கமாக விழுந்ததால் முகத்தின் மறுபக்கம் இருட்டாக இருந்தது. மீன் பெட்டியிலிருந்து ஒரு தெர்மகோல் அட்டையை எடுத்துப் பாஸ்கர் கையில் கொடுத்து, அந்தப் பக்கம் வெளிச்சம் திருப்பச் சொன்னேன். தேசம்மா பட்டுப் புடவை கட்டி, எண்ணெய் வைத்துச் சீவிக் கொண்டை போட்டு, கனகாம்பரம் வைத்திருந்தார். புடவையில் மைக்கைக் குத்திவிட்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கேமரா ஓடும்போது முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அதைப் பார்த்தால் பழக்கமில்லாதவர்கள் உறைந்துபோவார்கள். அதனால் விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிடுவோம். நானும் ஒட்டியிருந்தேன். நான் பார்க்கிற கண்ணாடிக்குள் இன்னொரு சின்ன விளக்கு உண்டு. அது கெட்டுப்போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. சொல்லிச் சொல்லி அலுத்து விட்டுவிட்டேன்.

"ஆரம்பிக்கலாமாக்கா?" பொத்தானை அமுக்கிவிட்டு கேமராவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

இறால் பற்றிக் கேட்டதற்கெல்லாம் தேசம்மா விறைப்பாக உட்கார்ந்து பதில் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமினார். "அன்புள்ள தம்பி சேகர் அவர்களுக்கு, உன் அக்காள் தேசம்மாள் வணக்கம் கூறிக்கொள்வது. நாங்கள் அனைவரும் நலமாக இருக்கின்றோம். அதுபோல் தாங்களும் நலமாக இருக்க வேண்டுகின்றோம். நடந்தவற்றை மறந்து..." அதற்கு மேல் சிக்கிக்கொண்டது. கடிதம் எழுதுகிற தமிழும் செய்தி வாசிக்கிற தமிழும் சேர்ந்து அவர் நாக்கைக் கட்டிப்போட்டிருந்தன. பொத்தானை அமுக்கி நிறுத்தினேன். மறுபடி. அதற்கும் பிறகு மறுபடி. இடையிடையே அவர் பாஸ்கரிடம் ஏதோ சொல்லிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். தெர்மகோல் சரியாகப் பிடிக்கவில்லை என்ற கவலையில் நான் அதைக் காதில் வாங்கவில்லை.

மூன்றாவது தடவை திக்காமல் சொல்லி முடித்தார், பொத்தானை அமுக்கினேன். கொஞ்ச நேரத்தில் டேப் தீர்ந்ததற்கான பீப் சத்தம் கேட்டது. ஒரு முழு டேப் பேட்டி என்று திருப்தியோடு எடுத்து உறையில் போட்டேன். பிடித்த இடத்திலேயே டேப்பைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பது எங்களுக்கு ஆகாது. பார்த்துவிட்டு மறந்துபோய் அதன் மேலேயே பதிந்துவிட்டால் எல்லாம் போச்சு.

"வந்துருமா தம்பி?" என்றார் தேசம்மா.

"வந்துரும்க்கா. கவலைப்படாதீங்க."

அன்று அவர் போட்ட சாப்பாட்டை நான் மறக்கவில்லை. இறால் தொக்கு, சுறாப்புட்டு, சோறு. போதும் என்று இலையை மூட மூட வைத்துக்கொண்டே இருந்தார். எங்கள் ஊரில் விருந்தாளியை இவ்வளவு மிரட்டிச் சாப்பிட வைக்க மாட்டார்கள். பாஸ்கர் டீக்கடை போன் நம்பரைச் சிகரெட் அட்டையில் எழுதிக் கொடுத்தார். நாலாம் நாள் திருவொற்றியூர் கடைத்தெருவில் சில்லறை ஷாட்டுகள் எடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

கோலாலம்பூரில் படம் வெட்டுகிறவள் லீலா. திங்கட்கிழமை காலை அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். "இப்ப ஒண்ணு வரும் பாரு" என்றேன்.

வந்தது. வலைகள் நகர்ந்தன, கட்டுமரங்கள் நகர்ந்தன. பள்ளத்தில் ஒரு குலுங்கு. அவ்வளவுதான். அடுத்த கணம் திரையில் பிளாஸ்டிக் பையும் என் கட்டைவிரலும். பிறகு மணல். என் புதுச் செருப்பு. கிளிஞ்சல். மறுபடி மணல்.

லீலா என்னைப் பார்த்தாள். ஓட்டவும் நிறுத்தவும் ஒரே பொத்தான்தான்; பள்ளத்தில் நான் கட்டிப்பிடித்தபோது அது அமுங்கி கேமரா நின்றிருக்கிறது. நான் நிறுத்துவதாக நினைத்து அமுக்கியபோது ஓடியிருக்கிறது. அதிலிருந்து எல்லாமே தலைகீழ். பிடித்ததாக நினைத்தது ஒன்றும் இல்லை. நிறுத்தியதாக நினைத்தது முழுக்க இருந்தது. சொல்லியிருக்க வேண்டிய விளக்கை என் கையாலேயே டேப் ஒட்டி மூடியிருந்தேன். கத்துக்குட்டிகள் செய்கிற தப்பு. பத்து வருட அனுபவக்காரன் செய்திருந்தேன்.

தேசம்மாவின் "அன்புள்ள தம்பி" ஒரு எழுத்துகூட இல்லை. 'வந்துரும்க்கா' என்று நான் சொன்ன வாயை என்ன செய்வது என்று தெரியவில்லை.

"இரு, ஓடட்டும்" என்றாள் லீலா.

கேமரா ஸ்டாண்டில் இருந்ததால் சட்டம் அசையாமல் தேசம்மா மேலேயே நின்றிருந்தது. மைக்கும் புடவையில் இருந்தது. இரண்டு பேட்டிக்கு நடுவில் அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். விறைப்பு போயிருந்தது. கொண்டை அவிழ்ந்து தோளில் விழுந்ததை அவர் கவனிக்கவில்லை. சட்டத்துக்கு வெளியே இருந்த பாஸ்கரைப் பார்த்துப் பேசினார்.

"நாக்கு சுளுக்கிக்கிச்சுப்பா. இப்டியா நானு அவங்கிட்ட பேசுவேன்? இத்த கேட்டா எவளோ டீச்சரம்மான்னு பூடுவான். 'டேய் கய்தே, இன்னாடா கோவம் உனுக்கு? வாய் தவறி வந்துச்சிடா. அக்கா சொன்னா மூஞ்சிய திருப்பிக்குவியா? துன்னியோ துன்லியோன்னு சோறு எறங்கல எனுக்கு. வூட்டுக்கு வந்து சேருடா கய்தே'. இப்டித்தான் சொல்லுவேன். அத்த சொல்லக்கூடாதாம், நல்ல தமிழ்ல சொல்லணுமாம்."

வெளியே பாஸ்கர் சிரிக்கிற சத்தம். தேசம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

லீலா டேப்பை நிறுத்தினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, மறைக்கவில்லை.

ஆசிரியர் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "என்னய்யா இது? செய்தியில 'இன்னா'வும் 'கய்தே'யும் போகுமா? பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"பார்க்கிறவங்களுக்கு இல்ல சார் இது. ஒரே ஒருத்தனுக்கு" என்றேன். அவர் நகரவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "அவங்க தமிழ்ல தப்பு இல்ல. நான் கேட்டதுதான் தப்பு. இது போகலைன்னா அந்தத் துண்டே வேணாம், வேற ஊரைப் போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டு டீ குடித்தேன். லீலாதான் உள்ளே இருந்து பேசினாள். என்ன பேசினாள் என்று இன்றுவரை சொல்லவில்லை. கடைசி இருபது விநாடியாக அது போனது.

தேசம்மாவிடம் கேட்டுவிட்டுப் போட்டிருக்க வேண்டும். கேமரா ஓடவில்லை என்று நம்பிப் பேசிய பேச்சு அது. டீக்கடை நம்பருக்கு இரண்டு முறை அடித்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது. மூன்றாவது முறை அடிக்காமல் விட்டது, கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில்தான். தப்பு தப்புதான்.

ஒரு வாரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு மத்தியானம் வரவேற்பறையிலிருந்து கூப்பிட்டார்கள். ஒல்லியாக ஒருவன், முழங்கையில் எண்ணெய் தெறித்த தழும்புகள், ஜொகூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தான்.

"டிவில யார் இன்னா பேசுனாலும் நான் திரும்பிப் பாக்கறதில்ல சார். கடைல நாள் பூரா ஓடும். வெங்காயம் அரிஞ்சிகினு இருந்தேன். 'கய்தே'ன்னு காதுல வுழுந்துச்சு. ஓடியாந்து பாக்கறதுக்குள்ள முடிஞ்சிபோச்சு. அந்த டேப்ப இன்னொரு தபா போட முடியுமா சார்?"

லீலாவின் அறைக்குக் கூட்டிப்போய் முதலிலிருந்து போட்டேன். தேசம்மா வருமிடத்துக்கு ஓட்டிவிடப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டான். மணலும் செருப்புமாக நான் வீணாய்ப்போனது என்று நினைத்த அந்த நடை முழுவதையும் பார்த்தான். ஊர் மணல்தானே என்று விட்டுவிட்டேன்.

திடீரென்று, "சார், நிறுத்து" என்றான்.

திரையில் ஒரு சிமெண்டுப் படி. பச்சை பெயின்ட் உரிந்திருந்தது. ஓரத்தில் மூன்று கிளிஞ்சல்கள் பதிந்திருந்தன. அதை மிதித்துக்கொண்டுதான் நான் உள்ளே போயிருக்கிறேன். ஸ்டாண்டு எங்கே போடலாம் என்ற யோசனையில் பார்க்கக்கூட இல்லை.

"எங்க வூட்டு படி. சிப்பி நான் வச்சது, சிமெண்டு காயறதுக்குள்ள. அக்கா ஒதச்சுச்சு, அப்பால பேத்துப் போடாம வுட்டுச்சு." விரலால் திரையைத் தொட்டான். "கொஞ்ச நேரம் அப்டியே வையி சார்."

வைத்தோம். டேப்பை ஒரே இடத்தில் அவ்வளவு நேரம் நிறுத்தினால் தேயும் என்று சொல்கிற லீலா அன்று ஒன்றும் சொல்லவில்லை.

"இத்த யார் சார் புடிச்சது?" என்று கேட்டான்.

"நான்தான்" என்றேன். வேறென்ன சொல்வது.

அவன் ஒப்பந்தம் முடிய எட்டு மாதம் இருந்தது. வாரா வாரம் டீக்கடைக்குப் போன் போட்டுக்கொண்டிருந்ததாகப் பிறகு தெரிந்தது. ஊருக்குப் போன மறுநாள் என் ஆபீசுக்கு ஒரு போன். எடுத்ததும் அந்தக் கரை முழுக்கக் கேட்கும் குரல். பின்னால் மீன்பாடி வண்டி ஒன்று உறுமிக்கொண்டிருந்தது.

"தம்பி, நான்தான் தேசம்மா. வந்துட்டான்பா. படிய மெறிச்சிகினுதான் உள்ள வந்தான் கய்தே. துன்னுட்டு தூங்கறான்."

"சந்தோசம்க்கா" என்றேன்.

"நீ நல்லாயிரு. ஆனா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். சேகரு எல்லாம் சொல்லிட்டான்." குரல் கொஞ்சம் இறங்கியது. "பட்டுப் பொடவ கட்டி, பூ வச்சி, சோக்கா ஒக்காந்து மூணு தபா பேசுனேன். அத்தெல்லாம் வுட்டுட்டு, கொண்ட அவுந்து கெடந்ததப் போய்ப் போட்டுகீறியே. இன்னா கேமராமேன்யா நீ?"